ஓம் என்றால் காற்றடிக்கலாம் என்றில்லை

பாரிஸ் லா சப்பலில் தமிழ்க் கடைகளுக்கு முன்னால் லொறி நின்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தால் என்னால் இன்னும் சும்மா கடந்துபோக முடியவில்லை. மரக்கறி வாங்கப் போனவள் மரக்கறியை மறந்துவிட்டுப் பின் சில்லுப் பக்கம் போய் நிற்கிறேன். இரட்டைச் சில்லுக்கு நடுவே குனிந்து பார்க்கிறேன். போன கிழமை ஒரு சாரதி, "மதாம், ஏதாவது விழுந்துவிட்டதா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டிவிட்டு விறுவிறு என்று வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன், கறிக்கு வெங்காயம் வெட்டினேன், மனம் மட்டும் அந்த லொறிக்குக் கீழேயே கிடந்தது. உள்ளே இருந்த ரயர் கொஞ்சம் இளகித்தானே இருந்தது? சொல்லியிருக்க வேண்டுமோ? திரும்பிப் போய்ப் பார்த்தேன். லொறி போய்விட்டது.

கராஜுக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே, இந்த வேலையை விட்டாலும் வேலை உங்களை விடாது என்பதற்காகத்தான் இதை முதலில் சொன்னேன். உங்களுக்கு வேலை காட்டுகிற தீபன் என்னை வந்து உங்களோடு பேசச் சொன்னான். நாலு பேர் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவனுக்கும் தெரியும். "அப்ப எழுதித் தாங்கோ அன்ரி, தமிழ் வாசிக்கத் தெரியாதவைக்கு நான் வாசிச்சுக் காட்டிறன்" என்றான். அதனால் எழுதுகிறேன்.

எப்படிக் கழற்றுவது, எப்படிப் பூட்டுவது என்று நான் எழுதப் போவதில்லை. அதை அவன் காட்டுவான். ஒபர்வில்லியேயில் இருக்கிற நம் கராஜுக்கு நான் கூட்டித் துடைக்கத்தான் வந்தேன். பிறகு கழற்றிய லொறி ரயர்களைக் கழுவ விட்டார்கள். கழுவுகிறவளின் கைக்குத்தான் காயம் முதலில் தட்டுப்படும். இங்கே வெட்டு, அங்கே ஆணி என்று நான் சொல்லச் சொல்ல, உள்ளே வருகிற ரயரை முதலில் பார்ப்பது என் வேலை ஆகிவிட்டது. முதலாளியை நாம் எல்லாரும் பத்ரோன் என்றுதான் கூப்பிடுவோம். அவர் போர்த்துக்கல்காரர். சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்கு வாயால் சொல்லித் தந்தது அவர்தான். ரோட்டில் படுகிற வரி தேய்ந்து மொட்டையாகியிருக்கக் கூடாது. உள்ளே இருக்கிற கம்பி வெளியே தெரியக் கூடாது. ரயரின் பக்கவாட்டில் வீக்கம் இருக்கக் கூடாது. சுருக்கமாக இவ்வளவுதான். கேட்க மிகவும் சுலபமாக இருந்தது. எனக்கு அமைதி போனது இதற்குப் பிறகுதான். ஏனென்றால், பார்க்கப் பயங்கரமாக இருந்து ஒன்றும் செய்யாத ரயரும் உண்டு, சட்டத்தின் கண்ணுக்குப் பிழையே இல்லாமல் ஆளைக் கொல்லக்கூடிய ரயரும் உண்டு. ஒரு நாள் இரண்டும் ஒரே சில்லில், பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. அந்த நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

ஓகஸ்ட் கடைசி. நல்ல வெயில். கோயில் இருக்கிற ரூ பஜோல் பக்கமெல்லாம் தேருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த நேரம். வெள்ளிக்கிழமை காலை கராஜைத் திறந்து கொஞ்ச நேரத்தில் ஒரு லொறி வந்தது. லெ பிளாங்-மெனிலில் இருக்கிற ராசன் என்பவருடைய சொந்த லொறி. லா சப்பல் கடைகளுக்கு அரிசி, மா, மரக்கறி எல்லாம் ஏற்றி இறக்குவார். ஐம்பதை எட்டுகிற மனிதர், இடுப்பு வருத்தம் உள்ளவர், வண்டியிலிருந்து இறங்கும்போதே ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார். மற்றப் பக்கக் கதவால் அவர் மனைவி கலா இறங்கினாள். ஒல்லியான பிள்ளை, கை நிறையக் காப்பு.

"அக்கா, இதை ஒருக்கா வடிவாப் பாருங்கோ" என்று ராசன் பின் சில்லைக் காட்டினார். "ஒட்டோரூட் பெரிய ரோட்டிலை பொலிஸ் மறிச்சால் விடுவாங்களோ, மாட்டாங்களோ?"

இரட்டைச் சில்லில் வெளி ரயரின் பக்கவாட்டில் விரல் நீளத்துக்கு ஒரு வெட்டு. நடைபாதைக் கல்லில் உரசியிருக்கிறது. ஆனால் வெட்டு ஒரு விதமாகப் பளபளத்தது. துணியால் துடைத்தேன். துணி கறுப்பாகிவிட்டது.

"இதென்ன தம்பி?"

கலாதான் சொன்னாள்: "சப்பாத்துப் பொலிஷ் அக்கா. பொலிஸுக்குப் பயந்து பொலிஷ் பூசின மனுசனை எங்கையாவது கண்டிருக்கிறியளோ?"

"நீர் கொஞ்சம் சும்மா இரும்" என்றார் ராசன்.

"ஒரு டப்பா முழுக்க முடிச்சுப்போட்டார். மகன்ரை சப்பாத்து வெளுத்துப்போய்க் கிடக்கு."

தீபன் அந்தப் பக்கத்தில் வேறொரு சில்லைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவன் சிரித்ததில் கையிலிருந்த இரும்புச் சுரை உருண்டு லொறிக்குக் கீழே போய்விட்டது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே கலா தந்த தண்ணீர்ப் போத்தலால் வெட்டைக் கழுவி, மழுங்கின ஊசியை மெல்ல விட்டுப் பார்த்தேன். வெட்டு ரப்பரோடு நின்றிருந்தது. கம்பியைத் தொடவில்லை. துரு இல்லை, ஈரம் உள்ளே போகவில்லை. "இது பயமில்லை தம்பி. சட்டத்துக்கும் சரி, ரோட்டுக்கும் சரி. வெட்டு வளருதோ எண்டு மட்டும் பாத்துக்கொள்ளுங்கோ" என்றேன்.

ராசனின் முகம் விரிந்தது. அவருக்கு அன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் முழுக்க விளங்கியது. தேருக்கு உடைக்கிற தேங்காய் ஏற்றுகிற ஓட்டம் முதல்தரம் அவரிடம் வந்திருந்தது. லா சப்பலில் ஒரு பெரிய கடைக்காரர் அவரை நம்பிக் கொடுத்திருந்தார். லு ஆவ்ர் துறைமுகத்துக் களஞ்சியத்தில் மத்தியானத்துக்குள் போய் நிற்க வேண்டும். பிந்தினால் அவர்கள் பூட்டிவிடுவார்கள். பிறகு திங்கட்கிழமைதான். தேரோ ஞாயிற்றுக்கிழமை.

இதையெல்லாம் அவர் எனக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் கேட்டுக்கொண்டே, பழக்கத்தில், கையை இரண்டு ரயருக்கும் நடுவே விட்டேன். உள்ளே இருக்கிற ரயரை யாரும் பார்ப்பதில்லை. அதற்காகவே அதைத் தொடாமல் நான் விடுவதில்லை.

உள் ரயர் சுட்டது. லெ பிளாங்-மெனிலிலிருந்து ஒபர்வில்லியே எவ்வளவு தூரம்? அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அப்படிச் சுடக் கூடாது. வெளி ரயர் வெறும் வெயில் சூடுதான். விரலை இன்னும் கீழே விட்டேன். இரண்டு ரயரும் ஒன்றோடு ஒன்று உரசி, ஒரு வளையம் வழுவழு என்று இருந்தது. உள் ரயரின் பக்கவாட்டில் சின்னச் சின்ன மடிப்பு, தோய்த்துப் பிழிந்த துணியைத் தடவுவதுபோல. காற்றுக் குறைந்த ரயரைச் சுமையோடு பல நாள் ஓடவிட்டால்தான் அப்படி வரும். உள்ளே கம்பிகள் வளைந்து வளைந்து களைத்துப்போய் நிற்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அதற்கு அப்படியே காற்றடித்தால் கிழிந்து வெடிக்கலாம்.

ராசன் சொல்லிக்கொண்டே போனார். கடைக்காரர் சொன்னது, களஞ்சியக்காரன் சொன்னது, போன வருசம் யாரோ பிந்தி வந்து திட்டு வாங்கியது. நான் "ஓம்... ஓம்..." என்றுகொண்டு விரல் நுனியில் இருந்தேன். இந்த மடிப்பு எவ்வளவு தூரம் போகிறது? சுற்று முழுக்கவா, ஒரு பக்கமா? ரோச் லைற் எடுத்துப் பார்க்க வேண்டும். அவர் ஏதோ கேட்டார். "ஓம்" என்றேன். கையை இழுத்துக்கொண்டு ரோச் லைற் எடுக்க மேசைப் பக்கம் போனேன்.

மேசையடியில் நிற்கும்போது பின்னால் காற்றுக் குழாய் சீறுகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். தீபன் உள் ரயரின் வாயில் குழாயை மாட்டிவிட்டுச் சில்லுக்கு நேரே குந்தியிருந்தான். முகம் ரயருக்கு முன்னால். ராசன் அவனுக்குப் பின்னால் குனிந்து நின்றார். கலா பக்கத்திலேயே.

கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிள்ளைகளே, என் தொண்டையை நான் குறை சொல்லவில்லை, அது எப்போதுமே அப்படித்தான். சுவரில் காற்றுக் குழாயின் சிவப்புப் பிடி இருக்கிறது அல்லவா? கால் அங்கே போய்விட்டது. பிடியை முறுக்கிப் பூட்டினேன். சீறல் நின்றது.

"அன்ரி, ஏன் நிப்பாட்டினனீங்கள்?" என்று தீபன் குந்தியபடியே கேட்டான்.

அப்போதுதான் குரல் வந்தது. "எழும்பு. எல்லாரும் இஞ்சாலை வாங்கோ. சில்லுக்கு நேரை நிக்காதையுங்கோ."

"ஏன் அக்கா?" என்றார் ராசன்.

"உள் ரயரைக் கழட்டிப் பாக்காமல் காத்து அடிக்கேலாது."

"இப்பத்தானே ஓம் எண்டனீங்கள்!"

"நான் எப்ப சொன்னனான்?"

"காத்து அடிச்சுக்கொண்டு போகலாம் தானே எண்டு கேட்டனான். ஓம் எண்டனீங்கள். தீபன், நீயும் கேட்டனி தானே?"

"ஓம் அன்ரி" என்றான் தீபன், தயங்கித் தயங்கி. "சொன்னனீங்கள்."

எனக்கு முகம் சூடேறிவிட்டது. "அது... நீங்கள் கதைக்கக் கேட்டுக்கொண்டிருந்த ஓம், தம்பி."

கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஓமிலையும் ரெண்டு விதம் இருக்கோ அக்கா?"

இருக்கிறது. எங்களுடைய ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு அது தெரியும். தொலைபேசியை எடுத்தால் மற்ற முனையில் யாரோ கதைக்க, நாங்கள் ஓம், ஓம், ஓம் என்றுகொண்டே இருப்போம். ஒத்துக்கொள்கிறோம் என்று பொருளில்லை. இன்னும் இருக்கிறேன், சொல்லுங்கோ என்று பொருள். முன்பு இங்கே வேலை செய்த ஒரு பிரெஞ்சுப் பெண், நான் தங்கையோடு கதைப்பதைக் கேட்டுவிட்டு, "யார் அந்த ஆம்பிளை? இவ்வளவு நேரம் அவனைப் பற்றியே பேசுகிறாயே!" என்று கேட்டாள். பிரெஞ்சில் ஓம் என்றால் ஆண்பிள்ளை. அவள் சொல்லி நாங்கள் சிரித்தது ஒரு காலம். அந்த வெள்ளிக்கிழமை ஓமுக்கு யாரும் சிரிக்கவில்லை, கலாவைத் தவிர. என்ன நடக்கப் பார்த்தது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

உங்களுக்கு இதில் நான் சொல்ல வேண்டியது ஒன்று. ரயரில் கை இருக்கும்போது வாயால் எதற்கும் ஓம் சொல்லாதீர்கள். தலையையும் ஆட்டாதீர்கள். எங்கள் தலையாட்டலைப் பார்த்து வெள்ளைக்காரர் ஒன்று நினைப்பார், எங்கள் ஆட்கள் வேறொன்று நினைப்பார்கள். வெளியே எழும்பி வந்து, ஆளுக்கு முன்னால் நின்று, என்ன முடிவோ அதை முழு வசனமாகச் சொல்லுங்கள். ஒரு தரம் ஓம் என்றுவிட்டாலும், அதைத் திரும்ப எடுக்க வெட்கப்படாதீர்கள். எனக்கு அன்று உடம்பெல்லாம் கூசியது. சொன்ன சொல்லை மாற்றுகிற மனுசி என்று ஒரு பார்வை இருக்கிறது, ராசன் என்னை அப்படித்தான் பார்த்தார்.

சத்தம் கேட்டுப் பத்ரோன் வந்தார். அவரிடம் பிரெஞ்சில் சொல்வது எனக்கு இன்னும் கஷ்டம். அவரும் அதைத் தெரிந்து சின்னச் சின்னதாகத்தான் கேட்பார்.

"கம்பி தெரிகிறதா, மதாம்?"

"இல்லை."

"வரி?"

"நிறைய இருக்கிறது."

"வீக்கம்?"

"கண்ணுக்கு இல்லை. கைக்கு மடிப்பு இருக்கிறது."

அவர் குழாயைக் கழற்றி, சில்லுக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டு, உள் ரயரில் இருந்த காற்றையெல்லாம் வெளியே விட்டார். பிறகு தன் கையை உள்ளே விட்டுத் தடவினார். வெகு நேரம் தடவினார். அவருடைய உள்ளங்கை இரும்பு பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. "எனக்குத் தெரியவில்லை" என்றார். பொய் சொல்லவில்லை, என்னை விட்டுக்கொடுக்கவும் இல்லை. பிறகு சொன்னார்: "நீங்கள் வேண்டாம் என்றால் இந்தக் கராஜில் யாரும் இதற்குக் காற்றடிக்க மாட்டார்கள். அவ்வளவுக்குத்தான் என்னால் முடியும். லொறி அவருடையது. பொலிஸே மறிக்காத ரயருக்காக நான் அவரை மறிக்க முடியாது."

நியாயம்தான். அதுதான் இன்னும் தவிக்க வைத்தது. நான் தமிழில் ராசனுக்குச் சொன்னேன்: கழற்றிப் பார்ப்போம், உள்ளே நல்லதாக இருந்தால் திரும்பப் பூட்டித் தருகிறோம்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ரோட்டைப் பார்த்தார். "சரி அக்கா... பாப்பம்" என்றார்.

பத்ரோன் தலையாட்டிவிட்டுத் தன் அறைக்குப் போகத் திரும்பினார். அவருக்கு நான் அந்தச் சொல்லை மொழிபெயர்த்திருந்தால், யோசித்துப் பார்க்கிறாராம் என்றுதான் விளங்கியிருக்கும். எனக்கு வேறு விளங்கியது. எங்கள் ஆட்கள் பாப்பம் என்றால் கதை முடிந்தது. கலியாணம் பேசப் போன வீட்டில் பாப்பம் என்றால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட வேண்டியதுதான். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல மனம் வராதபோது நாங்கள் சொல்லுகிற சொல் அது. ராசன் பாப்பம் என்றால், வாசலைத் தாண்டி முதல் பெற்றோல் செட்டில் காற்றடித்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போகப் போகிறார். அங்கே அந்தச் சில்லுக்கு முன்னால் யார் குந்தப் போகிறார்கள்? எந்தச் சுவரில் எந்தப் பிடியை யார் பூட்டப் போகிறார்கள்?

அவர் கதவைத் திறந்தார். கலா தன் பக்கத்தால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் பக்கம் ஓடினேன். என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. போன கையோடு, முன்பு அவளிடம் வாங்கியிருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். அவள் குனிந்து கையை நீட்டினாள்.

அவளுடைய மணிக்கட்டின் உட்பக்கம் கறுத்திருந்தது. காப்புகளின் உள்விளிம்பிலும் கறுப்பு அப்பிக் கிடந்தது. பொலிஷ் இல்லை. ரப்பர்க் கறுப்பு. கழுவிக் கழுவி என் கையிலும் வருசக்கணக்காக இருந்த அதே கறுப்பு.

"பிள்ளை, உள்ளுக்கு இருக்கிற ரயருக்கு வீட்டடியிலை ஆர் காத்து அடிக்கிறது?"

"நான்தான் அக்கா. இவரின்ரை கை சில்லின்ரை ஓட்டைக்குள்ளாலை போகாது. குனியவும் ஏலாது. எனக்கு லேசாப் போகும்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"இப்ப கொஞ்ச நாளாக் காலமை காலமை. இரவு இறங்கிப்போகுது. அடிச்சுப்போட்டு, காதை வைச்சுக் கேட்டுப் பாப்பன், காத்துப் போற சத்தம் வருதோ எண்டு."

"காதை எங்கை வைப்பாய்?"

அவள் விளங்காமல் என்னைப் பார்த்தாள். "ரயரிலைதான் அக்கா. வேறை எங்கை?"

நான் முன்னால் சுற்றி வந்தேன். ராசன் சாவியைப் போட்டு இயந்திரத்தை முடுக்கிவிட்டார். லொறிக்கு முன்னால் நான் நின்றேன். அவர் ஹோர்ன் அடிக்கவில்லை, மரியாதை தெரிந்த மனிதர். கண்ணாடியை இறக்கி, "என்னக்கா?" என்றார்.

"ஒருக்கா இறங்கி வாங்கோ தம்பி. ஒண்டைக் காட்டிப்போட்டு விட்டுவிடுறன்."

பின்னால் ஓரமாக நிற்கிற இரும்புக் கூட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். கழற்றிய ரயருக்கு அதற்குள் வைத்துத்தான் காற்றடிக்கிறோம். அதில் ஒரு கம்பி வெளியே வளைந்து நிற்கிறதே, அது எப்படி வளைந்தது என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தீபன் இங்கே வருவதற்கு முந்தி, நான் வேலை செய்த காலத்தில், இதுபோலவே காற்றுக் குறைந்து ஓடின ஒரு ரயர் உள்ளே வெடித்தது. பக்கச் சுவர் ஒரேயடியாகக் கிழிந்து, காற்றுப் போன வேகத்தில் அந்தக் கம்பி அப்படி வளைந்தது. எல்லாரும் ஒதுங்கி நின்றதால் யாருக்கும் ஒன்றும் இல்லை. காது மட்டும் நாள் முழுக்க இரைந்துகொண்டிருந்தது.

ராசனைக் கூட்டிக்கொண்டு போய் அந்தக் கம்பியின் மேல் அவருடைய கையைப் பிடித்து வைத்தேன். பிற ஆண் ஒருவருடைய கையை நான் அப்படிப் பிடித்தது அதுதான் முதல்தரம். அவர் பெருவிரல் தடிப்பில் இருந்தது கம்பி.

"ரயர் வெடிச்சு வளைஞ்சது" என்றேன். "இது இரும்பு, தம்பி."

அவர் அந்த வளைவைப் பார்த்தார்.

"கலா காலமையிலை ரயரிலை காதை வைச்சுக் கேக்கிறாவாம்."

அவர் கையை எடுக்கவில்லை. கம்பியை மேலும் கீழுமாகத் தடவினார். பிறகு திரும்பி லொறியைப் பார்த்தார். கலா கண்ணாடியில் பார்த்து நெற்றிப் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் பாப்பம் என்று சொல்லவில்லை. "கழட்டுங்கோ" என்றார். சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமி இன்னொரு தரம், தீபனைப் பார்த்து, "கெதியாக் கழட்டு" என்றார்.

கழற்றினோம். ரயரை நிமிர்த்தியதும், திரும்பி வந்த பத்ரோன் உள்ளே கையை விட்டு அள்ளினார். பொடி. நொறுங்கின ரப்பர்ப் பொடி, கை நிறைய. சுற்றிவர உள்பக்கம் தோல் உரிந்ததுபோல் கிடந்தது. கலா இறங்கி வந்து எட்டிப் பார்த்தாள். "இதென்ன, கண்மை மாதிரி" என்றாள். அவள் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு அவளுடைய கை தானாகக் காதுக்குப் போனது.

பத்ரோன் அந்த ரயரின் பக்கத்தை அங்கேயே அறுத்துப்போடச் சொன்னார். அறுக்காமல் விட்டால் யாராவது எடுத்துப் பூட்டிவிடுவார்கள். வரி அவ்வளவு நன்றாக இருந்தது.

இனி உங்களை நிம்மதியாக இருக்க விடாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ரயர் அன்றைக்கு வெடித்திருக்குமா? எனக்குத் தெரியாது. உள்ளே கெட்டுப்போயிருந்தது என்பது உண்மை. அன்றைக்கா, அடுத்த மாதமா, குந்தியிருந்தவன் முகத்திலா, ஆளில்லாத ரோட்டிலா, அதை யாராலும் சொல்ல முடியாது. தீபன் வேலை முடிந்து கை கழுவும்போது என்னிடம் வந்தான். "அன்ரி, நான் காத்து அடிக்கேக்கை உள்ளுக்குள்ளை டிக் டிக் எண்டு ஏதோ கேட்ட மாதிரிக் கிடந்தது. கொம்பிறசர்ச் சத்தமோ தெரியேல்லை" என்றான். கம்பி அறுகிறபோது அப்படித்தான் கேட்கும். கொம்பிறசரும் அப்படித்தான் கேட்கும். அவன் இப்போது உங்களுக்கெல்லாம் மேலாளராக இருக்கிறான். கேட்டுப் பாருங்கள், இன்றைக்கும் அவனுக்கு அது என்ன சத்தம் என்று தெரியாது. நாம் மறித்த ரயர் நாம் செய்தது சரி என்று வந்து சொல்வதில்லை. மறிக்காமல் விட்டதுதான் ஒரு நாள் வந்து சொல்லும்.

தேங்காய் என்ன ஆனது என்றும் கேட்பீர்கள். ராசன் பிந்தித்தான் போனார். களஞ்சியத்தில் கெஞ்சி மன்றாடிப் பாதியைத்தான் ஏற்ற முடிந்ததாம். மீதிக்குக் கடைக்காரர் வேறு ஒருவரைப் பிடித்தார். அடுத்த வருசம் அந்த ஓட்டம் ராசனுக்குக் கிடைக்கவில்லை. என்னால்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனாலும் லா சப்பலில் அவரைக் கண்டால் நான் முந்திச் சிரிக்காமல், அவர் சிரிக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் சிரிப்பேன். சிரிப்பார். இப்படிப்பட்ட முடிவுக்கு யாராவது ஒருவர் விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது, பெரும்பாலும் முடிவெடுத்தவர் கொடுப்பதில்லை. அதை மறந்துபோய் வாடிக்கையாளரிடம் வீறாப்பாகப் பேசாதீர்கள். சட்டம் வரியைக் கேட்கும், கம்பியைக் கேட்கும். அதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகும் ஒன்று மிச்சம் இருக்கும்: இந்தச் சில்லுக்குப் பக்கத்தில் குந்தப் போவது யார்? அதையும் கேட்டுவிட்டு விடுங்கள்.

அன்று வேறு ரயர் பூட்டி முடித்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கடைசியாகக் காற்று அளவு பார்க்க வேண்டும். கலா பழக்கத்தில் காப்புகளை முழங்கைப் பக்கம் தள்ளிக்கொண்டு சில்லை நோக்கிப் போனாள்.

"தள்ளி நில்லும்" என்றார் ராசன்.

"என்ன?"

"தள்ளி நில்லும் எண்டு சொல்லுறன். நான் பாக்கிறன்."

"உங்கடை இடுப்பு?"

"இடுப்பு கிடக்கட்டும்."

ஒரு கையால் சில்லைப் பிடித்து, மற்றக் கையால் இடுப்பைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முழங்காலில் இருந்தார். கையைச் சில்லின் ஓட்டைக்குள் விட்டார். விரல்கள் போயின, புறங்கையில் இறுகி நின்றுவிட்டது. திருப்பிப் பார்த்தார், ஒடுக்கிப் பார்த்தார். போகவில்லை.

"போகாது எண்டு சொன்னனான் தானே" என்றாள் கலா.

அவர் முழங்காலில் இருந்தபடியே என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, வெளியாலை நிண்டு அடிக்கிற மாதிரி இதுக்கு ஒரு நீளக் குழாய் இருக்கெல்லோ? அதைப் பூட்டித் தாங்கோ. இவ இனி இதுக்குக் கிட்ட வரக் கூடாது."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"நீர் மேலை ஏறி இரும்."

அவள் ஏறி உட்கார்ந்தாள். தீபன் குழாயைக் கொண்டுவந்து பூட்டினான். ராசன் வெளியே நின்றே அளவைப் பார்க்கலாம் என்று ஆனது. ஆனால் அவர் எழும்பவில்லை. முழங்காலிலேயே இருந்தார்.

"என்ன, இன்னும் என்ன பாக்கிறியள்? நேரம் போகுது!" என்று மேலிருந்து கலா கூப்பிட்டாள்.

"எழும்பேலாமல் கிடக்கு" என்றார்.

தீபன் ஒரு கையையும் நான் மற்றக் கையையும் பிடித்து அவரைத் தூக்கி நிறுத்தினோம்.